அறுபது அடியில் அம்மிக்குழவி

போன மாதம் சிரம்பான் ரஹாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று இளம் பொறியாளர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். திரெங்கானு கடலில் நான் கடைசியாக வேலை பார்த்த எண்ணெய்க் கம்பெனியில் இப்போது இருப்பவர்கள். ஆண்டு விருந்தில் பழைய ஆள் ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். பழைய ஆட்களில் துணையில்லாமல் மேடை ஏறக்கூடியவன் நான் ஒருத்தன்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

மூவரில் ஷாலினி என்ற பெண் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். கடலுக்கடியில் இருக்கும் பாறையின் விவரங்களைக் கொடுத்துவிட்டால், எந்தப் பிட்டை இறக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுமாம். பிட் என்பது பாறையைக் கடிக்கிற முனை. மற்ற இரும்பெல்லாம் அதைச் சுமந்துகொண்டு போகிற பரிவாரம்தான்.

"அங்கிள், உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத பிட் எது?" என்று கேட்டாள்.

"அம்மிக்குழவி" என்றேன்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவருக்கு வயதாகிவிட்டது என்ற பார்வை. அடுக்களையில் என் மனைவி சிரிப்பது கேட்டது. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊரில் வளர்ந்தவன். கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ஆக்கலாம் என்று அப்பா இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார். கிராணிக்கு வேண்டிய கையெழுத்தும் பொறுமையும் எனக்கு வாய்க்கவில்லை. சிரம்பானில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் இரும்பு அடித்தேன். பிறகு தோட்டங்களுக்கு ஆழ்கிணறு போடும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். மூன்று வருடம் கிரீஸ் பூசினேன், கம்பிவடம் பின்னினேன், திட்டு வாங்கினேன். நான்காவது வருடம் எஞ்சின் பிடியை என் கையில் கொடுத்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் ஃபோர்மேன் பெயர் சிவக்கொழுந்து. யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, கையில் குடை. சேற்றில் நாள் முழுக்க நிற்கிற வேலையில் அவர் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு பார்த்தவர் கிடையாது. குரலை உயர்த்த மாட்டார். "காணும்" என்று மரியாதையாகக் கூப்பிட்டே ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

எங்கள் இயந்திரம் குத்து இயந்திரம். கம்பிவடத்தின் நுனியில் கனத்த இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் பிட். எஞ்சின் அதைத் தூக்கும், போடும், தூக்கும், போடும். பாறை நொறுங்கித் தண்ணீரோடு கலந்து சேறாகும். அடியில் கதவு வைத்த நீளக் குழாயை இறக்கி அந்தச் சேற்றை அள்ளி எடுப்போம். சிவக்கொழுந்து அதில் ஒரு சிட்டிகையை வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டு விரலால் தேய்ப்பார், முகர்வார், நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஐந்தடிக்கு ஒரு தட்டு. பலகையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். தூரத்தில் இருந்து பார்த்தால் டீக்கடை போட்டிருக்கிறோம் என்று நினைக்கத் தோன்றும்.

பிட்டில் முக்கியமானவை இரண்டு. ஒன்று தட்டை உளி. மண்ணிலும் இளகின பாறையிலும் வேகமாக இறங்கும். ஆனால் சாய்வான கெட்டிக் கல்லில் பட்டால் வழுக்கி ஓரமாகப் போய்விடும். துளை கோணலானால் குழாய் இறங்காது, பம்பு இறங்காது, கிணறு செத்தது. இன்னொன்று நாலுமூலை. கூட்டல் குறி மாதிரி நான்கு விளிம்பு இருக்கும். நான்கு பக்கமும் ஊன்றி நிற்பதால் வழுக்காது. ஆமை வேகத்தில்தான் இறங்கும்.

"சேறு நிறம் மாறினா முதல்ல எஞ்சினை நிப்பாட்டும். பிறகு யோசியும். ஓட விட்டுக்கொண்டு யோசிக்க நீர் என்ன பஸ் ட்ரைவரே?" என்பார் ஃபோர்மேன். இது அவருடைய வேதம்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்த பிறகு எங்கள் கம்பெனிக்கு வேலை குவிந்தது. சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட வேண்டும் என்று உத்தரவு. காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்கு அரிசியும் தகவலும் போகக் கூடாது என்பதற்காக. வேலி போட்டுவிட்டார்கள். ஆற்றை வேலிக்குள் கொண்டுவர யாராலும் முடியவில்லை. அதனால் கிணறு.

போர்டிக்சன் சாலையில் ஒரு தோட்டம். ஐம்பதுக்கு மேல் குடும்பங்கள் இரண்டு வரிசை லயத்தில் இருந்தன. பெண்கள் காலையில் பால்வெட்டுக்குப் போகும்போது வாசலில் காவலர்கள் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். நான்கு மணிக்கு வாசல் பூட்டினால் மறுநாள்தான். தண்ணீர் எடுக்க ஸ்பெஷல் போலீஸ் இருவர் துப்பாக்கியோடு ஓடைக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஆளுக்கு இரண்டு வாளி.

நாங்கள் இயந்திரத்தை நிறுத்திய முதல் நாளே தோட்டத்துத் துரை வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் வேலை வாங்கத் தேவையான அளவு.

"உள்ளே தண்ணி வேணும். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை. தண்ணி இல்லே, லாரி வரும். முதல் வரிசை பகாவ் போகும். இரண்டாவது வரிசை ஜொகூர் போகும். முடிஞ்சது."

கூட்டமாக நின்றவர்களில் ஒரு பெண் தன் வாளியைத் தரையில் வைத்தாள். பாக்கியம் என்று பெயர். அவளும் அப்பாவும் முதல் வரிசையில். அவளுடைய அக்கா இரண்டாவது வரிசையில், எட்டு மாதக் கர்ப்பிணி. அம்மா இல்லை. பிரசவம் பார்க்க அக்காவுக்கு இருந்த ஒரே ஆள் இவள்தான்.

"போரிங்காரரே, உங்க மிஷினு தண்ணி எடுக்குமா, இல்ல சத்தம் மட்டும் போடுமா?" என்றாள்.

"ரெண்டும் செய்யும்" என்றேன்.

"சத்தம் கேட்டாச்சு லா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் வந்தாலே நான் எஞ்சினைச் சற்று வேகமாக ஓட்டினேன். வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஐம்பதடி வரை மண்ணும் மக்கிய பாறையும். அது சரியாதபடி இரும்புக் குழாய் இறக்கினோம். இன்னும் எட்டு நாள் மிச்சம் இருந்தபோது, கம்பிவடம் தேய்ந்துவிட்டது என்று ஃபோர்மேன் புதியது வாங்கச் சிரம்பானுக்குப் போனார். பாதுகாப்பு வண்டியோடு போய்த் திரும்ப இரண்டு நாள். நாலுமூலை பிட்டின் விளிம்பு மழுங்கியிருந்ததால் அதைக் காய்ச்சி அடிக்கத் தோட்டத்துக் கொல்லுப் பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். பட்டறை வேலிக்கு வெளியே, ரப்பர் ஃபேக்டரி பக்கத்தில், ஒரு மைல்.

அன்று மூன்று மணிக்கு ஐம்பத்தைந்து அடியில் வடம் என் கையில் துள்ளியது. சேற்றை அள்ளினேன். காலை வரை பழுப்பாக வந்தது இப்போது சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு வந்தது. கருங்கல். மக்கிய மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் உருண்டைப் பாறையின் தோள்பட்டையில் இடித்திருக்கிறேன்.

எஞ்சினை நிறுத்தினேன். வேதம் நினைவில் இருந்தது. நாலுமூலையைப் போட வேண்டும். ஆனால் வாசலில் அனுமதிச் சீட்டு எழுதி, இரும்பைச் சோதித்து, ஆட்கள் பட்டறைக்குப் போய் அதைச் சுமந்து வருவதற்குள் வாசல் பூட்டிவிடும். ஒரு நாள் போய்விடும். ஓடையில் இருந்து திரும்பிய பெண்கள் வாளியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாக்கியமும் இருந்தாள். நான் தட்டை உளியோடே எஞ்சினை ஓட்டினேன்.

அது இறங்கியது! அன்று இரண்டடி, மறுநாள் ஐந்தடி. கருங்கல்லில் யாரும் கேள்விப்படாத வேகம். பெண்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் இருந்த பிட்டை நான் மறந்தே போனேன். ஃபோர்மேன் வந்தால் என் முதுகில் தட்டிக்கொடுப்பார் என்று கற்பனை வேறு.

சனிக்கிழமை காலை ஃபோர்மேன் வந்தார். என்னையும் பார்க்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை. குழாயின் வாயில் வடம் நிற்கிற இடத்தைப் பார்த்தார். நடுவில் நிற்க வேண்டிய வடம் ஒரு பக்கமாக உரசிக்கொண்டிருந்தது. நேரான ஒரு குழாய்த் துண்டை வடத்தில் கட்டி இறக்கச் சொன்னார். ஐம்பத்தாறு அடியில் அது சிக்கி நின்றது. உளி பாறையை உடைக்கவே இல்லை. அதன் விலாவில் சறுக்கி, பக்கத்து இளக்கத்தில் இறங்கியிருக்கிறது.

ஃபோர்மேன் குடையை மடக்கினார். நான் சேறு எடுத்து வைக்க மறந்து பலகையில் காலியாகக் கிடந்த இரண்டு தட்டுகளை எடுத்துத் துடைத்து வைத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

துரை வந்து கேட்டபோது, "எங்கட வேலை பிழைச்சுப் போச்சுது, துரை. திருத்துறம்" என்றார். "எங்கட" என்ற அந்தச் சொல்தான் என்னைக் கொன்றது. செய்தது நான் ஒருத்தன்.

துரை போனதும் பாக்கியம் வந்தாள். "என்ன போரிங்காரரே, மிஷினு தூங்குதா?"

மறைக்க முடியவில்லை. "கல்லு மேல தப்பில்ல. நான் போட்ட பிட்டு தப்பு. தெரிஞ்சேதான் போட்டேன். ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாம்னு பார்த்தேன், ஓட்டையே கோணலா போயிருச்சு" என்றேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இப்ப என்ன வேணும்?" என்று கேட்டாள்.

பதிலை ஃபோர்மேன் சொன்னார். கோணலான பகுதியில் பாறையைப் போலவே கெட்டியான கல்லைப் போட்டு நிரப்ப வேண்டும். அப்போது பிட்டுக்கு எந்தப் பக்கமும் இளக்கம் கிடைக்காது, நேராக இறங்கித்தான் ஆக வேண்டும். செங்கல் உதவாது. தோட்டத்தில் கிடப்பது முழுக்கச் செம்புறாங்கல், அதுவும் உதவாது. ஓடையில் மணல்தான். கல்லுடைக்கிற இடத்தில் இருந்து கருங்கல் வரப் பாதுகாப்பு வண்டி கிடைக்க ஒரு வாரம். லாரி வர ஆறு நாள்.

"கருங்கல்லா?" என்று கேட்டுவிட்டுப் போனவள், சற்று நேரத்தில் குழந்தையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் எதையோ வைத்துக்கொண்டு வந்தாள். அம்மிக்குழவி. கறுத்து, வழவழவென்று தேய்ந்து, இரண்டு நுனியிலும் கைபட்ட பளபளப்போடு.

ஃபோர்மேன் அதைச் சுத்தியால் மெதுவாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "எங்கத்தைய கல், பிள்ளை?"

"எங்கம்மா கப்பல்ல கொண்டாந்தது, ஐயா. சேலத்துப் பக்கம்."

"திறமான கல். ஆனால் சொல்லிப்போட்டன், இது திரும்பி வராது."

"தெரியும் ஐயா. எங்கக்கா லாரி ஏறிட்டா மட்டும் திரும்பி வருவாளா?"

அரை மணி நேரத்தில் லயமே குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒரு பெண் மட்டும், காரம் அரைத்துப் போடாவிட்டால் புருஷன் சோற்றைத் தொட மாட்டார் என்று தர மறுத்தாள். பத்து நிமிடத்தில் அந்தப் புருஷனே குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். மொத்தம் இருபத்தொன்று. எட்டு அங்குலத் துளைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தன. பாக்கியம் தன்னுடையதைத் தானே போட்டாள். குழாயில் உரசிக்கொண்டு போய், நெடுநேரம் கழித்து ஒரு சத்தம் வந்தது. அவள் குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நாலுமூலை வந்தது. "சின்னக் குத்து, மெதுவாக. அவசரம் எண்டா நீர் போய்ப் படும், நான் ஓட்டுறன்" என்றார் ஃபோர்மேன். நான் படுக்கவில்லை. நான்கு நாள் பிடியை விடாமல் நின்றேன். ஐந்தடிக்கு ஒரு தட்டு போதாது என்று அடிக்கு ஒரு தட்டு வைத்தேன். லயத்தில் அந்த வாரம் முழுக்க ரசமும் சுட்ட கருவாடும்தான். பெண்கள் அதற்கும் என்னைத்தான் கேலி செய்தார்கள்.

வியாழன் மத்தியானம் வடம் கையில் சட்டென்று தளர்ந்தது. பாறையைக் கடந்துவிட்டோம். உடனே எஞ்சினை நிறுத்தினேன். அள்ளிய சேற்றில் துருக்கறை படிந்த, உடைந்த வெள்ளைக் கற்கள். தண்ணீர் ஓடுகிற பாறை வெடிப்பின் அடையாளம். ஃபோர்மேன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த "ம்" எனக்கு ஆறு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே லாரிகள் வந்துவிட்டன. ஜனங்கள் பாய், பானை எல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். பாக்கியத்தின் அக்கா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஃபோர்மேன் சவரம் செய்துகொண்டு புதுச் சட்டையில் வந்தார். "ஒரு மணித்தியாலம் இறைக்கவேணும், துரை. அதுக்கு முதல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றார். துரையிடம் அப்படிப் பேசியவரை நான் அதுவரை பார்த்ததில்லை. முடிச்சுப் போட்ட நூலை இறக்கி நீர்மட்டம் அளந்தார். நாங்கள் நீளக் குழாயால் இறைத்தோம். கால் மணிக்கு ஒரு தடவை அளந்தார். முதலில் நான்கு முடிச்சு இறங்கியது. பிறகு அரை முடிச்சு. அதற்குப் பிறகு எவ்வளவு இறைத்தும் மட்டம் அசையவில்லை.

ஃபோர்மேன் புத்தகத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். அப்புறம்தான் நிமிர்ந்து, "தண்ணி இருக்கு, துரை" என்றார்.

துரை நூலைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், லாரிக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். வண்டிகள் வெறுமனே திரும்பின. நான் எஞ்சினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். யாராவது கேட்டால் டீசல் புகை என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

முதல் தண்ணீர் கல்மாவு கலந்து பால் மாதிரி இருந்தது. தெளியட்டும் என்று சொல்லியும் கேட்காமல் பாக்கியம் ஒரு கை அள்ளிக் குடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்கம்மா அரைச்ச மிளகா இன்னும் உறைக்குது லா" என்றாள்.

அக்காவுக்கு அந்த லயத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. மறு வருடம் வேலிக்குள் இருந்த மாரியம்மன் கோயிலில் எனக்கும் பாக்கியத்துக்கும் கல்யாணம். அம்மி மிதிக்க அவள் வீட்டு அம்மியைத்தான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பூசாரி மஞ்சள் தடவிவிட்டு, "குழவி எங்கம்மா?" என்றார்.

"அறுபது அடியில இருக்கு சாமி! மாப்பிள்ளையைக் கேளுங்க!" என்று பெண்கள் கத்தினார்கள். கோயிலே சிரித்தது.

அப்போது ஃபோர்மேன் பட்டுவேட்டியில் முன்னால் வந்தார். துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து அம்மி மேல் வைத்துத் துணியைப் பிரித்தார். இரும்புக் குழவி. ஒரு முழ நீளம், கண்ணாடி மாதிரி கடைந்தது. அதன் ஒரு நுனியில் எங்கள் கம்பெனி பிட்களில் பொறிக்கிற எண் இருந்தது. எனக்கு அந்த எண் தெரியும். நான் தெரிந்தே போட்ட அந்தத் தட்டை உளியின் கழுத்துப் பகுதி. அறுத்து, கடைந்து, மெருகேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"ஒரு வருஷமா உம்மட்டை ஒண்டும் சொல்லேல்லை, காணும்" என்றார். "இனியும் சொல்ல மாட்டன். அதான் இதை உம்மட வீட்டில வைக்கிறன்."

பாக்கியத்தின் காலைத் தூக்கி அந்தக் குழவிக்குப் பக்கத்தில் அம்மி மேல் வைத்தேன்.

பின்னாளில் கடலுக்குப் போனேன். அங்கே எல்லாம் பெரிது. சுழலும் பற்கள் வைத்த பிட், கிலோமீட்டர் கணக்கில் குழாய், சத்தமாகப் பேசும் அமெரிக்கர்கள். ஒரு தடவை நீளப் பல் வைத்த பிட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சல்லடையில் வந்த கல்தூள் நிறம் மாறியது. பிட்டை மாற்ற வேண்டுமானால் குழாய் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும், பாதி நாள் போகும். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்றார்கள் எல்லோரும். எனக்கு வீட்டில் இரும்புக் குழவி அம்மியில் இடிக்கிற சத்தம் காதில் கேட்டது. நிறுத்தச் சொன்னேன். மேலதிகாரி கத்தித் தீர்த்துவிட்டுச் சம்மதித்தார். வெளியே எடுத்துப் பார்த்தால் பிட்டின் ஒரு பல்லுருளை கழன்று விழுகிற நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டார். இங்கிலீஷில் அம்மிக்கு என்ன சொல்வது என்று தெரியாததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே சொல்லி முடித்தேன். பொறியாளர்கள் தேங்காய்த் துவையலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள். பாக்கியம் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்த குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தாள். ஷாலினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எண்ணைத் தடவினாள்.

"இது என்ன மாடல், ஆன்ட்டி?"

"தப்பான மாடல் லா" என்றாள் என் மனைவி. "ஆனா நல்லா அரைக்கும்."